கட்டைவிரல் அறிந்த வேலை

ராஜபாளையத்துக்கு மேற்கே, ஊர் முடிந்து மாந்தோப்புகள் தொடங்கும் பகுதியில் நான் வளர்ந்தேன். எழுபதுகளில் அங்கே இரண்டு சத்தங்களை வைத்துத்தான் பொழுது கணக்கிடுவார்கள். பகலில் ஆலைச் சங்கு. 1936இல் ராஜபாளையம் மில் தொடங்கிய பிறகு ஊரின் விழிப்பும் உறக்கமும் சங்குக்குக் கட்டுப்பட்டவை. ராத்திரியில், அய்யனார்கோவில் பக்கத்துத் தோப்பு ஏதாவது ஒன்றிலிருந்து ஒற்றை வேட்டு. பன்றி இறங்கியிருக்கும், அல்லது யானை வந்திருக்கும். திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர்கள் கண்ணைத் திறக்காமலேயே அது யார் தோப்பு, யார் துப்பாக்கி என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் தாத்தாவிடம் பன்னிரண்டு போர் ரெட்டைக்குழல் ஒன்று இருந்தது. லைசென்ஸ் உண்டு. எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் அதில் எழுதியிருக்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். முடிவு வந்த பிறகு எண்ணெய் போட்டு, துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆயுத பூஜையன்று அரிவாள், மண்வெட்டி, கவாத்துக் கத்தி ஆகியவற்றோடு அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். எங்கள் வீட்டில் அதுவும் தோட்ட வேலைக்கான ஒரு சாமான்தான். அதற்கு மேல் அதற்கு மரியாதையும் இல்லை, அச்சமும் இல்லை.

தோப்புக் காவலுக்குத் தேவைப்பட்டது சத்தம் மட்டும். ரவை வேண்டாம். வெற்று வேட்டு போதும். அதற்காகக் கடைத் தோட்டாவை வீணாக்க தாத்தாவுக்கு மனம் வராது. சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்துக்கொள்வார். மாங்காய்ப் பருவம் முடிந்து ஆட்கள் கணக்கு வாங்கிப் போன பிறகு, தோப்பு ஓய்ந்திருக்கும் ஒரு மத்தியானத்தில், அவற்றை மறுபடி நிரப்பத் தேக்குப் பெட்டியைத் திறப்பார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் டிக்ஸன், ஹாக்ஸ்லி போன்ற பட்டறைகள் செய்து உலகம் முழுக்க அனுப்பிய ரகத்தைச் சேர்ந்த கருவிகள் அதில் இருக்கும். பித்தளை வாய், கருங்காலிப் பிடி. பழைய கேப்பைத் தள்ளுவதற்கு ஒன்று, புதுக் கேப்பை உட்கார வைப்பதற்கு ஒன்று, வெடிமருந்து அளப்பதற்கு ஒரு சிறு கிண்ணம்.

இந்த வேலையில் எல்லாவற்றிலும் சிறியது கேப்பு. எல்லாவற்றிலும் முக்கியமானதும் அதுதான். உளுந்தைவிடச் சற்றே பெரிதான ஓர் உலோகக் கிண்ணம். அதன் அடியில் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் கலவை ஒரு துளி. சிவகாசிப் பொட்டு வெடியைக் கல்லில் வைத்துத் தட்டிய எந்தப் பிள்ளைக்கும் அதன் சூட்சுமம் புரியும். திரி வேண்டாம், நெருப்பு வேண்டாம், அடி ஒன்றே போதும். இந்த யோசனையைத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத். அந்தக் காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே பொறி பறக்கும், பிறகுதான் குண்டு கிளம்பும். பொறியைப் பார்த்த பறவை அதற்குள் விலகிவிடும். அந்த இடைவெளியை ஒழிக்கப் பார்த்த பாதிரியார் 1807இல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகத்தில் வெடிக்கும் தோட்டா எல்லாவற்றுக்கும் அந்த யோசனைதான் மூலம்.

தாத்தா முதலில் கூடுகளைப் பிரிப்பார். கேப்புக் குழியின் அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் ஒற்றைக்கண். ஓரத்தில் இரண்டு துளைகள் இருந்தால் ரெட்டைக்கண். ஒற்றைக்கண்ணில் உள்ளிருந்து ஓர் ஊசியை விட்டுத் தள்ளினால் பழைய கேப்பு கழன்று விழும். ரெட்டைக்கண்ணில் ஊசிக்கு வழி இல்லை. அதன் நடுவில் இருக்கும் மேடு கூட்டோடு சேர்ந்தே உருவானது. வெளியிலிருந்து கொக்கி போட்டு நெம்ப வேண்டும். வெகு நாள் கழித்து அதன் வரலாற்றைப் படித்தேன். இரண்டுமே 1866இல் பதிவானவை. ஒற்றைக்கண் முறை எட்வர்டு பாக்ஸர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியுடையது, ரெட்டைக்கண் ஹைராம் பெர்டான் என்ற அமெரிக்கருடையது. அமெரிக்கா ஆங்கிலேயர் முறையை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் பெரும்பகுதி அமெரிக்கர் முறைக்குப் போனது. எங்கள் வீட்டுச் சுளகில் அந்த இருவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள்.

கேப்பை உட்கார வைப்பதில் ஒரு மயிரிழைக் கணக்கு இருக்கிறது. அது குழியின் அடியைத் தொட வேண்டும். அதன் தலை கூட்டின் முகத்தைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் இரண்டு கேடு. துப்பாக்கியை மூடும்போதே அடிபடக்கூடும். அப்படி ஆகாவிட்டாலும் துப்பாக்கி ஊசியின் அடி கேப்பை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகி, வேட்டு கிளம்பாமல் போகும், அல்லது தாமதித்துக் கிளம்பும். தாமதித்துக் கிளம்புவதுதான் ஆளைக் கொல்லும். அளவுக்கு மீறி அழுத்தினாலோ உள்ளே இருக்கும் கலவை நொறுங்கிவிடும். கோணலாக ஏறினால் ஒரு பக்கம் நசுங்கும். இந்த மூன்றையும் கண் பார்த்துச் சொல்லாது. முடித்த பிறகு நகத்தால் தடவினால் கொஞ்சம் தெரியும். அழுத்தும் நேரத்தில் விரலுக்கு மட்டும் முழுதாகத் தெரியும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் விவாதம் அங்கேதான் தொடங்கும். அதை வருஷா வருஷம் நடத்துவதற்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தாத்தாவின் சிநேகிதர் ஒருவர் வருவார். செண்பகத்தோப்புப் பாதையில் அவருக்கும் ஒரு தோப்பு. வரும்போது இலையில் கட்டிய பால்கோவாவோடு மேசையில் திருகி மாட்டும் நெம்புகோல் கருவி ஒன்றையும் எடுத்து வருவார். கூட்டை மாட்டி, கையை ஒரு முறை இறக்கினால் கேப்பு உட்கார்ந்துவிடும். நீளக் கைப்பிடி, வலி கிடையாது, வேலை வேகம்.

“அண்ணாச்சி, ஒரு அமுக்கு, ஒரு கேப்பு. நீங்க எதுக்கு விரலப் போட்டுக் கெடுத்துக்கிறீங்க?”

“கைக்குத் தெரியாம உக்காந்தா, உக்காந்துச்சான்னு யாரு தம்பி சொல்றது?”

தாத்தா வைத்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கருவி. பிடி குட்டை, முழு பலத்தையும் கட்டைவிரலே கொடுக்க வேண்டும். ஒரு கை நிறையக் கூடுகளை முடிப்பதற்குள் விரல் வீங்கிவிடும். ஆனால் கேப்பு குழிக்குள் நுழையும் உரசல், அடியைத் தொட்டதும் வரும் எதிர்ப்பு, அதற்கு மேல் ஓர் அணுவளவு இறுக்கம் என்று மூன்றையும் அது தனித்தனியாக விரலுக்குச் சொல்லும். சப்பட்டை மாம்பழத்தைக் காம்பருகே தொட்டு, கன்றாமல், உள்ளே பழுத்ததா என்று சொல்லும் தோப்புக்காரரின் கட்டைவிரல் போலத்தான் அதுவும். நீள நெம்புகோல் பலத்தைக் கூட்டும். அதே அளவுக்கு அந்தப் பேச்சைக் குறைக்கும். சிநேகிதரின் கருவி தவறானது என்று தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. நிறையக் கூடுகளுக்கு அது, கொஞ்சத்துக்கு இது என்பார். தான் கொஞ்சமே செய்வதால் தனக்கு இது என்பார். தேவையைச் சொல்லி, அதற்கேற்ற கருவியைச் சொல்லும் அந்த ஒழுங்கை நான் அப்புறம் எந்தக் கடையிலும் கேட்டதில்லை.

அந்த மத்தியானத்துக்குச் சட்டங்கள் இருந்தன. அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, பின்கட்டு வராந்தாவில்தான் பெட்டி திறக்கும். பீடி, சுருட்டு எதுவும் கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி. வேண்டிய கேப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி உள்ளறைக்கு அனுப்பிவிடுவார். கேப்புகளை ஒருபோதும் மொத்தமாகச் சீசாவில் கொட்ட மாட்டார். அடுக்கு அடுக்காக, ஒன்றையொன்று தொடாமல், வந்த டப்பாவிலேயே இருக்கும். ஒன்று வெடித்தால் கூட இருப்பதெல்லாம் சேர்ந்து வெடிக்கும் என்பது அவர் சொன்ன காரணம். கேப்பு இருக்கும் பலகையில் மருந்துக் கிண்ணம் வராது. ஒரு வேலை முடிந்து பலகையைத் துடைத்த பிறகே அடுத்தது. கேப்பு இறுகினால் பலம் போடக் கூடாது. கழற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் பால்கோவாப் பொட்டலம் பிரியும். பாதரசமும் ஈயமும் கலந்த கேப்புகளின் காலம் அது. அந்தப் பெயர்கள் தெரியாமலேயே அவர்கள் கழுவினார்கள்.

நாங்கள் பிள்ளைகள் வாசற்படியைத் தாண்டக் கூடாது. படியிலேயே உட்கார்ந்து பார்ப்போம். எங்களோடு வெள்ளை நாயும் படுத்திருக்கும். ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்களுடையதும் அப்படித்தான். ராத்திரி வேட்டு எழும்போது ஊர் நாயெல்லாம் குரைக்கும். அது மட்டும் தூங்கும். அந்த இனத்துக்கு 2005இல் தபால்தலை வெளியானது. அதற்கு வெகு முன்பே, சேத்தூர் ஜமீன் பக்கத்துக் காடுகளில் பன்றியை மடக்கும் நாய் என்று அதற்குப் பேர் இருந்தது. தாத்தாவின் தகப்பனார் அந்த வேட்டைகளுக்குப் போனவர். தாத்தா வாலிபத்தோடு நிறுத்திவிட்டார். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே தான் விட்டதை அரசாங்கமும் விடச் சொல்கிறது என்று மட்டும் சொன்னாராம்.

காடு மூடப்பட்டது நியாயம். 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல்நிற அணில்களுக்கென்று சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகம் ஆயிற்று. செண்பகத்தோப்பில் மரத்துக்கு மரம் தாவும் அந்த அணிலைப் பார்த்த எவரும் பழைய வேட்டைக் காலம் திரும்ப வேண்டும் என்று கேட்க மாட்டார். தாத்தா போன பிறகு துப்பாக்கியையும் மீதமிருந்த மருந்து, கேப்பு அனைத்தையும் வீட்டார் முறைப்படி ஒப்படைத்தார்கள். லைசென்ஸை யாரும் தங்கள் பேருக்கு மாற்றிக் கேட்கவில்லை. இன்று உரிமம் இல்லாமல் வீட்டில் தோட்டா செய்வது குற்றம். அது அப்படியே இருக்கட்டும். ராத்திரியில் பன்றியை விரட்ட இப்போது மின்வேலியும் சிவகாசி வெடியும் இருக்கின்றன.

வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்த காலத்தில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குள் நுழைந்தேன். அங்கே வீட்டில் தோட்டா செய்வது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. சுவர் முழுக்கக் கேப்பு உட்கார வைக்கும் கருவிகள். லீ, ஆர்.சி.பி.எஸ். நிறுவனங்களின் கைக்கருவிகளில் மேலே ஒரு வட்டத் தட்டு. அதைக் குலுக்கினால் கேப்புகள் தாமே ஒரே பக்கமாகத் திரும்பி வரிசையில் வரும். மேசையில் பூட்டும் நெம்புகோல்கள் உண்டு. பெரிய அழுத்தியின் ஒரு பகுதியாகவே வருபவையும் உண்டு. ஒரு கைக்கருவியை எடுத்துச் சும்மா அழுத்திப் பார்த்தேன். ‘எது நல்லது?’ என்று கடைக்காரரைக் கேட்டேன். வேகம் வேண்டுமா, விரலுக்குத் தெரிய வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். பின்கட்டு வராந்தாவில் நான் கேட்டு வளர்ந்த விவாதம் அது. அந்தக் கடையில் நிற்கும்போதுதான் ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று உறைத்தது. அதில் எதையும் நான் வாங்கவில்லை. எனக்குச் சுட வேண்டியது எதுவும் இல்லை.

நான் ஏங்குவது துப்பாக்கிக்காக இல்லை. ஆபத்தான ஒரு சிறு பொருளை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்கள் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தார்களே, அந்த நிதானத்துக்காக. தவறினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அந்தத் தெளிவு அவர்களைப் பயங்கொள்ளிகளாக ஆக்கவில்லை, கவனக்காரர்களாக ஆக்கியது. எந்த வேலையிலும் இறுகினால் பலம் போடாதே, கழற்றிப் பார் என்ற பாடம் எனக்கு அந்தப் படியிலிருந்துதான் வந்தது. அதிகாரம் செய்ய வேண்டிய இடங்களிலும், பிள்ளைகளிடம் பேச வேண்டிய இடங்களிலும் அதுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

ராஜபாளையத்தில் அந்தத் தோப்புகளில் பல இன்று வீட்டு மனைகள். முடங்கியாற்றுப் பக்கம் மிச்சமிருக்கும் தோப்புகளில் இன்னும் சப்பட்டை காய்க்கிறது. கேப்பு உட்கார வைக்கும் அந்த வேலைக்கு அங்கே இனி இடமில்லை, இருக்கவும் வேண்டாம். அது கற்றுக்கொடுத்த பொறுமையை மட்டும் வேறு ஏதாவது ஒரு கைவேலையில் குடியேற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. பேரப்பிள்ளைகள் படியில் உட்கார்ந்து பார்க்கும்படி, நெடுநேரம் எடுத்து, விரலால் மட்டுமே சரிபார்க்க முடிகிற வேலையாக அது இருக்க வேண்டும்.