ஷெட்டுக்கு ஆள் வந்துவிடும், கிணற்றுக்கு?

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது நோட்டீஸ்கள்தான். கரண்ட் கம்பம், டீக்கடைச் சுவர், டிரான்ஸ்பார்மர் வேலி என்று கை எட்டிய இடத்திலெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் உடனே தேவை’. ‘செக்கிங், மடிக்கப் பெண்கள் தேவை, வேன் வசதி உண்டு’. இதே சங்கதி பக்கத்தில் இந்தியிலும் ஒடியாவிலும். அவற்றின் மேலேயே பசை காயாத இன்னொரு தாள்: ‘ஷெட் வாடகைக்கு, த்ரீ பேஸ் கரண்ட், போர் தண்ணீர்’. ஆள் பற்றவில்லை என்று ஒரு தாளும், இடம் காலியாக இருக்கிறது என்று இன்னொரு தாளும் ஒரே கம்பத்தில். திருப்பூரின் தொழில் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள இந்தக் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

பழைய தொழில் நகரம் என்றால் இடிந்த ஆலையும் உடைந்த கண்ணாடி ஜன்னலும்தான் நம் மனதில் வரும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், 1950களில் கார் உற்பத்தி நின்றுபோன பேக்கார்டு ஆலை அரை நூற்றாண்டுக்கு மேல் இடிபாடாக நின்று, அண்மையில்தான் தரைமட்டமானது. கோயம்புத்தூரில் மூடிய பஞ்சாலைகளின் கேட் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் உண்டு. திருப்பூரில் அப்படி ஒரு காட்சியைத் தேடி அலைந்தால் கிடைப்பது கொஞ்சம்தான். இங்கே தொழில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்ததல்ல. நிட்டிங் ஒரு ஷெட்டில், சாயம் வேறொரு பக்கம், காம்பாக்டிங் இன்னொருவரிடம், தையல் பவர்டேபிளில், பிரிண்டிங்கும் எம்ப்ராய்டரியும் ஜாப் ஒர்க்கில். ஒரு டி-சர்ட் அட்டைப்பெட்டிக்குள் போவதற்குள் பல வாசல் ஏறி இறங்கிவிடுகிறது. ஒருவர் நொடித்துப்போனால் அந்த ஒரு ஷெட்டில் மட்டும்தான் விளக்கு அணையும். சில மாதத்தில் வேறொருவர் வந்து வேறு மெஷினைப் போட்டுவிடுவார்.

அப்படிக் கைமாறிய ஷெட் ஒன்றுக்குள் போய்ப் பார்த்தேன். இப்போது அது பனியன் வேஸ்ட் குடோன். கட்டிங் மேசையிலிருந்து விழுந்த துண்டுத் துணிகள் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு, கோணிச் சாக்கில் திணிக்கப்பட்டுக் கூரைவரை அடுக்கியிருந்தன. நடுவில் காலியாக இருந்த தரையில், எண்ணெய் ஊறிய கறுப்பு வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. வட்டப் பின்னல் மெஷின்கள் நின்ற தடம். கூரைக் கம்பியில் படிந்த பஞ்சுத் தூசி இன்னும் போகவில்லை.

“இந்த ஷெட்டு பாக்காத தொழில் இல்லீங்க. மொதல்ல நிட்டிங், அப்புறம் பவர்டேபிள். கொரோனாவுல ரெண்டு வருஷம் சும்மா கெடந்துச்சு. இப்ப நான் வேஸ்ட் போட்டிருக்கேன். நாளைக்கு யாராச்சும் அதிகமா வாடகை குடுத்தா நானும் காலி பண்ணிருவேனுங்க” என்றார் குடோன்காரர்.

மூலையில், பவர்டேபிள் காலத்து அலமாரி ஒன்று கிடந்தது. அதற்குள் ஒரு நீண்ட நோட்டு. பிரித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் செல்லோடேப் ஒட்டி, அதற்கடியில் உடைந்த ஊசித் துண்டுகள். தேதி, மெஷின் நம்பர், டெய்லர் பெயர், சூப்பர்வைசர் கையெழுத்து. தைக்கும்போது ஊசி ஒடிந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, முழு ஊசி சேர்ந்துவிட்டதா என்று பார்த்து இப்படி ஒட்டிவைத்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு சில்லு காணாமல்போனால் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தையின் கழுத்தில் அந்தச் சில்லு குத்திவிடக் கூடாது என்று வெளிநாட்டு பையர்கள் போட்ட நிபந்தனை இது. திருப்பூர் அதை ஏற்றுப் பழகியது. ஒரு மில்லிமீட்டர் இரும்புக்கு இத்தனை கையெழுத்து. அந்த நோட்டை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு கவனமாக வேலை செய்யத் தெரிந்த ஊர் என்பதை இந்தக் கட்டுரை முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பம்பாய் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி வந்ததிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவார்கள். அதற்கு முன்பு உள்நாட்டு பனியனும் ஜட்டியும்தான். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. அந்தச் சங்கம் 1997இல் தொடங்கிய பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரியும் இதே முதலிபாளையம் சிட்கோவில்தான் இருக்கிறது. மேட்டு நிலமும் கொறங்காடும் சூழ்ந்த ஊர் இப்படித்தான் கம்பெனி ஊரானது. இடிகளும் வரிசையாக விழுந்தன. பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா, 2021இலும் 2022இலும் எகிறிய நூல் விலை, 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி. ஒவ்வொன்றிலும் சில கம்பெனிகள் படுத்தன, சில எழுந்தன. அதில் வேலை போன டெய்லரின் வலி சின்னதல்ல. ஆனால் கட்டிடங்களைப் பொறுத்தவரை சிட்கோ தெருக்களில் நான் கண்டது, மாற்றி மாற்றிக் குடியேறிக்கொண்டே இருக்கும் ஒரு ஊர்தான்.

கைவிடப்பட்ட இடங்களைப் பார்க்க சிட்கோவின் தார்ரோட்டை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

கடைசி ஷெட்டின் காம்பவுண்ட் சுவர் முடிந்ததுமே கிளுவை வேலி தொடங்கிவிடுகிறது. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாகக் கொறங்காடு. காங்கேயம் மாடுகளை வளர்த்த மேய்ச்சல் நிலம் இது. மழை குறைவான இந்த மேட்டுப் பூமிக்கு இதைவிடப் பொருத்தமான விவசாயம் இல்லை என்று நினைக்கிறேன். வேலியில் பாலித்தீன் பைகள் சிக்கிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்ததும், “வா சாமி, கெணத்தப் பாக்கறயா?” என்று அவராகவே கூட்டிப்போனார்.

நாலு பக்கமும் கருங்கல் கட்டி, படி இறக்கிய பெரிய கிணறு. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துக் கல்தூண் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் மோட்டார் ரூம். கதவு இல்லை, மெயின் போர்டு இல்லை. சுவரில் மட்டும் கரிக்கட்டையால் எழுதிய கணக்கு: ஒரு வரிசையில் கோடுகள், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.

“அது லாரிக் கணக்கு. இந்தக் கெணத்துல இருந்து சாயப்பட்டறைக்கு ராவும் பகலும் தண்ணி போச்சு. வெள்ளாமை பண்றதவிட அதுல காசு வந்துச்சு. அப்புறம் கெணறு வத்திப்போச்சு. போர் போட்டோம். ஆயிரம் அடி போயும் பொகைதான் வந்துச்சு” என்றார்.

திருப்பூரின் சாயத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஊரின் நிலத்தடி நீர் கெட்டுப்போனபின் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கினார்கள். 2000களின் நடுவில் பவானியிலிருந்து குழாய் வழியாக நீர் வந்தபிறகுதான் அந்த லாரிகள் குறைந்தன. ஆக, கிராமங்களிலிருந்து நல்ல தண்ணீர் போனது. நொய்யல் ஆற்றின் வழியே அது சாயத்தண்ணீராகக் கீழே இருந்த கிராமங்களுக்குத் திரும்பியது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்காக நடத்திய வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச்சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட ஆலைகள் ஒரே மூச்சில் நின்றன. அந்த மாதங்களில் திருப்பூரில் இருந்தவர்கள் இன்றும் அதை ஒரு பஞ்சகாலம்போலச் சொல்வார்கள்.

ஊர் அதிலிருந்தும் மீண்டது. கழிவுநீரை ஆற்றில் ஒரு சொட்டுகூட விடாமல், ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே எடுக்கும் முறைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாறின. இவ்வளவு பெரிய அளவில் ஒரு சாயத் தொழில் நகரம் முழுவதும் இப்படி மாறியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். செலவு அதிகம், ஆவியாக்கியபின் சேரும் கலப்பு உப்பும் கசடும் இன்னும் தலைவலிதான். ஆனாலும் செய்துகாட்டினார்கள்.

எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: திருப்பூரில் கட்டிடம் பாழாவதில்லை. நிலத்தில் தோண்டியவைதான் பாழாகின்றன. ஷெட்டுக்கு அடுத்த வாடகைதாரர் வருவார். வற்றிய கிணற்றுக்கும் தோண்டி முடித்த பாறைக்குழிக்கும் யாரும் வருவதில்லை. வந்தாலும் கொட்டத்தான் வருகிறார்கள்.

அந்த அம்மா கைகாட்டிய திசையில் நடந்தால் பாறைக்குழி. திருப்பூரின் ஷெட்டுகளுக்கும் ரோடுகளுக்கும் ஜல்லியாகவும் அஸ்திவாரக் கல்லாகவும் போன பாறை இந்த மாதிரிக் குழிகளிலிருந்து எடுத்ததுதான். நகரம் எவ்வளவு மேலே எழும்பியதோ அந்த அளவுக்குச் சுற்றுவட்டாரம் கீழே இறங்கியிருக்கிறது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் ரெண்டு பனைமர ஆழம். சுவரில் வெடிவைக்கத் துளைத்த நேர்க்கோடுகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. அவற்றுக்கு இடையே விரல் அகலத்தில் வெடிப்புகள். ஒரு வெடிப்பில் ஈரம் கசிந்து, பாசி படர்ந்திருந்தது.

அந்த ஈரம்தான் கவனிக்க வேண்டியது. இந்தப் பக்கத்துப் பூமி கெட்டிப் பாறை. மணற்பாங்கான ஊரைப்போல நிலம் முழுவதும் தண்ணீர் ஊறியிருக்காது. பாறை வெடிப்புகளுக்குள் மட்டும்தான் நிற்கும், ஓடும். சுற்றிலும் உள்ள கிணறும் போரும் அதே வெடிப்புகளில்தான் குடிக்கின்றன. பாறைக்குழி அந்த வெடிப்புகளை வெட்டித் திறந்துவைத்த வாய். அதில் போடுவது மழையில் ஊறி எந்தக் கிணற்றில் எப்போது தலைகாட்டும் என்று யாராலும் வரைபடம் போட்டுச் சொல்ல முடியாது.

திருப்பூர் மாநகராட்சி தன் குப்பையை ஆண்டுக்கணக்காக இப்படிப்பட்ட கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டிவந்திருக்கிறது. ஒரு குழி நிறைந்ததும் அடுத்த குழி. 2025இல் முதலிபாளையம் குழிக்கு லாரிகள் வந்தபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். நாற்றமும் ஈயும் புகையும் ஒரு பக்கம். குடிக்கிற தண்ணீர் போய்விடும் என்ற பயம் பெரிய பக்கம். மாநகராட்சியின் சங்கடமும் எனக்குப் புரியாமலில்லை. வேலைக்கென்று வெளி மாநிலங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து நிறைந்த நகரத்தில் குப்பை ஒருநாள்கூடக் காத்திருக்காது. ஆனால் அந்த நகரம்தான் ஊசிச் சில்லைக்கூடக் கணக்கில் எழுதி ஒட்டிய நகரம். தரம் பிரித்து வாங்கி, மக்குவதை மக்கவைத்து, துணித் துண்டை வேஸ்ட் குடோனுக்கு அனுப்புவது அதற்குத் தெரியாத வித்தையா? நான் காலையில் பார்த்த குடோன்காரர் கறுப்பை வெள்ளையிலிருந்தும் காட்டனை பாலியஸ்டரிலிருந்தும் தொட்டுப் பார்த்தே பிரித்துவிடுகிறார்.

தண்ணீர் விஷயத்தில் மீள முடியும் என்பதற்குத் திருப்பூரிலேயே சாட்சி உண்டு. ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி நஞ்சராயன் குளம். நல்லாற்றுத் தண்ணீரோடு ஊரின் சாக்கடையும் வந்து சேர்ந்த குளம்தான் அது. பறவை பார்ப்பவர்கள் பல வருஷம் விடாமல் போய்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பட்டைத்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வந்து இறங்குகிறது என்று ஆதாரத்தோடு காட்டினார்கள். 2022இல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பெயரும் வேலியும் காவலும் கிடைத்தன. முதலிபாளையம் பாறைக்குழிக்கு வாத்து வராமல் போகலாம். ஆனால் மழைநீர் வந்து நிற்கும். குப்பை விழாமல் விட்டால், சுற்றியுள்ள வெடிப்புகளுக்கு அது கொடுக்கும் தண்ணீர் கொஞ்சமல்ல.

திரும்பும்போது ரோட்டோர டீக்கடையில், போராட்டத்தில் நின்றவர் ஒருவரைச் சந்தித்தேன். சாமளாபுரம் பக்கம் தறி ஓட்டி, அதை விற்றுவிட்டு இப்போது தோட்டம் பார்க்கிறவர். “குப்பையே வேண்டாம்னு சொல்லுறது எங்களுக்கே நியாயமாப் படலீங்க. நாங்களும்தான் போடறோம். குழிக்குள்ள பிரிக்காத குப்பை வேண்டாம். அப்புறம் ஒண்ணே ஒண்ணு. குழியச் சுத்தி இருக்கற போர்த் தண்ணிய மாசம் ஒருக்கா எடுத்து லேப்ல குடுத்து, அந்த ரிப்போர்ட்ட பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல ஒட்டச் சொல்லுங்க. படிச்சுப் பாத்துக்கறோம்” என்றார்.

மாதம் ஒரு பரிசோதனை, ஒரு தாள், கொஞ்சம் பசை. சாய ஆலைக்கு மீட்டர் வைத்து லிட்டர் கணக்குப் பார்க்கிற மாவட்டம் இது. ஊராட்சியும் மாநகராட்சியும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் உட்கார்ந்து பேசினால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம். எந்தெந்தப் போரில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்ற பட்டியலை அந்தத் தோட்டக்காரர் இப்போதே எழுதித் தரத் தயாராக இருக்கிறார்.