யார், யாரிடம் கூறியது?



போன வாரம் எங்கள் ஊர் நூலகத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. நூலகர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். உணவு, சத்து பற்றித் தேடி வருபவர்கள் எதைப் படிக்கலாம் என்று மூன்று வழிகாட்டிக் கையேடுகள் தயாரித்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று, கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று, வயதானவர்களுக்கு ஒன்று. "டீச்சர், பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்திக் கொடுங்க" என்றார். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரிக் கையேடு நன்றாக இருந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவுச் சத்து அட்டவணையை முதலில் சொல்லியிருந்தார். 528 உணவுப் பொருள்களின் விவரம் அதில் உண்டு. ஆனால் அதையே பள்ளிக் கையேட்டிலும் போட்டிருந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளை மில்லிகிராம் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதை எடுத்துவிட்டு, படம் போட்ட தமிழ்ப் புத்தகங்களை முதலில் வைக்கச் சொன்னேன். "கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்; சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்" என்று இரண்டு வரி இருந்தால் போதும். பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும்.

மூன்றாவது கையேட்டில்தான் பேனா நின்றுவிட்டது. "வயதானவர்கள் தினமும் இளநீர், வாழைப்பழம், கீரை நிறையச் சேர்க்க வேண்டும்" என்று ஒரு பத்தி. எந்தப் புத்தகத்திலிருந்து, எந்த ஆண்டு, எழுதியவர் யார், ஒன்றும் இல்லை.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்த சமயம், பத்திரிகையில் வந்த இதே மாதிரி ஒரு துணுக்கை வெட்டிக் கொடுத்தவள் நான். "நீ டீச்சராச்சே, சரியாத்தான் சொல்லுவே" என்று தினமும் இளநீர் குடித்தாள். சில நாளிலேயே கை கால் தளர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது, மிஞ்சினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம் என்றார் டாக்டர். அக்கா பிழைத்து வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அதுதான் உறுத்துகிறது.

துணுக்கில் இருந்தது பொய்யில்லை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு அது சரிதான். யாருக்கு என்று அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருஷா வருஷம் தமிழ் வினாத்தாளில் "யார், யாரிடம் கூறியது?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான்!

அந்தப் பத்தியை அடித்துவிட்டு, "சிறுநீரகம், இதயக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்கவும்" என்று முதல் வரியாக, பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். "உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம்" என்பதை "ஒரு டீஸ்பூன் அளவு, ஊறுகாய், அப்பளத்தில் இருப்பதும் சேர்த்து" என்று மாற்றினேன். நூலகர் மறுபேச்சில்லாமல் திருத்திக்கொண்டார்.

எனக்கு வாட்ஸ்அப்பில் உணவுக் குறிப்பு அனுப்பும் பிள்ளைகளே, அனுப்புமுன் அந்தப் பழைய கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்