முப்பது உயிர்கள்

கோன்ட்ராவை நான் ஒருமுறைகூட நேர்மையாக முடித்ததில்லை. இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள இத்தனை வருஷங்கள் ஆகியிருக்கின்றன.

தொண்ணூறுகளில், நிண்டெண்டோவின் ஃபாமிகாம் யந்திரத்துடைய மலிவான நகல்கள் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் கிடைத்தன. கேசட்டை ஊதிச் சொருகி, தலைப்புத் திரை வந்ததும் என் விரல்கள் ஒரு வரிசையை அழுத்தும். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. மூன்று உயிர்களுக்குப் பதில் முப்பது உயிர்கள் கிடைத்துவிடும். கூட இருக்கும் பையன்கள் கவனிக்காதபடி உடம்பைச் சற்றுத் திருப்பிக்கொண்டு அழுத்துவேன். பிறகு எட்டுக் கட்டங்களையும் கடந்து, மூன்றே உயிரில் முடித்தவன் மாதிரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன். பொய் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

'சீட் கோட்' பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் நாம் இங்கே ஓயாமல் சண்டையிட்டுக்கொள்ளும் ஒரு விஷயம் இதில் இருக்கிறது. ஒரு படைப்பின் கடினத்தின்மீது யாருக்கு அதிகாரம்? செய்தவனுக்கா, அதற்குள் நுழைகிறவனுக்கா?

அந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் கஸுஹிசா ஹஷிமோட்டோ. கோனாமி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1985இல் கடை யந்திரங்களில் வந்த கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டு யந்திரத்துக்கு மாற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஆட்டத்தை முழுக்க ஆட வேண்டும். அவரால் முடியவில்லை. தன் கப்பலுக்கு எல்லாப் பலங்களும் ஒரேயடியாகக் கிடைக்கும்படி, ஞாபகத்தில் நிற்கக்கூடிய ஒரு வரிசையை உள்ளே வைத்துக்கொண்டார். 1986இல் ஆட்டம் வெளியானபோது அது உள்ளேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பிறகு அந்த நிறுவனமே வேண்டுமென்று அதைப் பல ஆட்டங்களில் வைத்தது. 1988இன் கோன்ட்ரா அவற்றில் ஒன்று. ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் இறந்தார்.

இந்தக் கதையில் என்னைத் தைப்பது மறதி அல்ல. செய்தவனாலேயே ஆட முடியவில்லை என்பதுதான். சங்கேதம் படைப்பாளியின் பலவீனத்திலிருந்து பிறந்திருக்கிறது. அந்தப் பலவீனத்தைத்தான் அவர் உலகத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனார்.

அப்புறம் வந்தவர்கள் இதை ஒரு சம்பாஷணையாகவே வளர்த்தார்கள். 1993இல் வந்த டூம் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ஐ-டி-டி-க்யூ-டி என்று தட்டினால் உடம்பில் எதுவும் படாது. ஆனால் ஆகக் கொடிய 'நைட்மேர்' நிலையில் அது பலிக்காது; அங்கே போக உன்னை யாரும் வற்புறுத்தவில்லையே என்கிற மாதிரி. அடுத்த வருஷம் அதே எஞ்சினில் வேறொரு குழு ஹெரெடிக் என்ற ஆட்டத்தைச் செய்தது. டூமில் பழகிய கையோடு ஒருவன் அங்கே ஐ-டி-டி-க்யூ-டி தட்டினால், அந்த இடத்திலேயே செத்து விழுவான். முன்பின் தெரியாத ஒருவன், நான் இன்னதுதான் செய்வேன் என்று எதிர்பார்த்துக் காத்திருந்து சிரித்திருக்கிறான். எழுத்தில் இதற்கு இணையான அனுபவம் எனக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது.

இந்த ஆட்டக்காரர்கள் புஸ்தகமும் படித்தார்கள். 2000இல் வெளியான தி சிம்ஸில் வீட்டுக்குள் இருக்கும் குட்டி மனிதர்களுக்கு ஆயிரம் காசு கொடுக்கும் முதல் சங்கேதச் சொல் 'க்ளபௌசியஸ்'. ஸ்தனிஸ்லாவ் லெம்மின் 'சைபீரியட்' கதைகளில் வரும் பாத்திரத்தின் பெயர் அது. அதில் ஒரு கதை: ட்ரூர்ல் என்ற யந்திரச் சிற்பி, ராஜ்யத்தை இழந்த ஒரு கொடுங்கோலனுக்கு விளையாட ஒரு பெட்டிக்குள் சின்ன ராஜ்யம் செய்து கொடுக்கிறான். அந்தச் சின்ன ஜனங்கள் படும் துன்பம் நிஜத் துன்பம்தான் என்று அவனைக் கடிந்துகொள்ளும் நண்பன் க்ளபௌசியஸ். ஆட்டத்தைச் செய்த வில் ரைட் இந்தக் கதையைத் தனக்குத் தூண்டுதலாகச் சொன்னவர். பொம்மை ஜனங்களுக்காகப் பரிந்து பேசியவனின் பெயரைச் சொன்னால் பொம்மைகளுக்குக் காசு கிடைக்கிறது! பின்னர் ஒரு திருத்தத்தில் அந்தச் சொல் 'ரோஸ்பட்' ஆனது. அது 'சிட்டிசன் கேன்' படத்திலிருந்து வந்தது.

இனி என்னைப் பற்றி. வாசகன் உழைக்க வேண்டும் என்று பேசியும் எழுதியும் வந்தவன் நான். கடினம் கவிதையின் உடம்பு, அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வழியில்லை என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். உரை கேட்ட நண்பர்களை ஏளனம் செய்திருக்கிறேன். இவ்வளவும் சொல்லிவிட்டு, எந்த நாவலை எடுத்தாலும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். யார் சாகிறார்கள் என்று தெரிந்தால்தான் நிதானமாகப் படிக்க முடிகிறது. கோன்ட்ரா நாட்களில் உடம்பைத் திருப்பிக்கொண்ட மாதிரியே, இதையும் யாருக்கும் தெரியாமல் செய்துவருகிறேன்.

ஒரு அமெரிக்கக் கோர்ட் இதை நியாயப்படுத்தியிருப்பது பின்னால்தான் தெரிந்தது. கேசட்டுக்கும் யந்திரத்துக்கும் நடுவே செருகி, ஆட்டத்தின் எண்களைத் தற்காலிகமாக மாற்றும் 'கேம் ஜீனி' என்ற கருவியை கலூப் நிறுவனம் விற்றது. இது தங்கள் படைப்பைத் திரித்து வேறு படைப்பாக்குகிறது என்று நிண்டெண்டோ வழக்காடியது. தோற்றது, 1992இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. கீழ்க்கோர்ட் தீர்ப்பில், காசு கொடுத்து வாங்கியவன் தன் வீட்டில் இப்படிச் செய்வது ஒரு புஸ்தகத்தில் சில பக்கங்களைத் தாண்டிப் படிப்பது போலத்தான் என்று வருகிறது. பக்கத்தைத் தாண்டுகிறவனால் புஸ்தகம் மாறிவிடுவதில்லை. என் கடினவாதத்துக்கு இதைவிட நல்ல பதிலை நம் சர்ச்சைகளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு கன்சோல் ஆட்டங்களில் சங்கேதங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. காரணம் ஒன்றல்ல. ஒரு காலத்தில் நாலைந்து பேர் செய்த ஆட்டத்தை நூற்றுக்கணக்கானவர்கள் செய்யத் தொடங்கினார்கள். சோதிப்பவர்களுக்கென்று தனிக் கருவிகள் வந்தன. வெளியிடும்போது அவை கழற்றப்பட்டன. 2005இல் சான் ஆண்ட்ரியாஸ் ஆட்டத்தின் தட்டில், பூட்டி மறைத்து விட்டுவைத்திருந்த பாலியல் காட்சியை வெளியாட்கள் திறந்துவிட, அதன் வயதுத் தரமே வயது வந்தோருக்கு மட்டும் என்று மாற்றப்பட்டது. உள்ளே பூட்டிக் கிடப்பதையும் தரக்குழுவுக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது. சீட் கோடுக்கும் இதற்கும் நேரடி உறவு இல்லை. ஆனால் எதையாவது உள்ளே மறந்துவிட்டுப் போவது ஆபத்தான காரியம் என்றாகிவிட்டது.

நெட்டில் பலர் சேர்ந்து ஆடத் தொடங்கியதும் 'சீட்' என்ற சொல்லின் அர்த்தமே மாறியது. தனியே ஆடுகிறவன் யாரை ஏமாற்றுகிறான்? எதிரே மனிதன் வந்து உட்கார்ந்ததும்தான் அது மோசடி. இந்த மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்ல இருப்பது இன்னொன்று. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 'அச்சீவ்மெண்ட்' என்பதைக் கொண்டுவந்தது. 2008இல் பிளேஸ்டேஷன் 3இல் 'டிராபி' வந்தது. தனியாக ஆடுவதும் ஒரு பேரேட்டில் பதிவாயிற்று. சங்கேதம் போட்டால் பல ஆட்டங்களில் அந்தப் பதிவு நிற்கும். தனி அறையில்கூட யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிலை. நான் உடம்பைத் திருப்பிக்கொண்டேனே, அப்படித் திருப்பிக்கொள்ள ஒரு பக்கம் இல்லாமல் போயிற்று.

அப்புறம் வியாபாரம். 2004இன் சான் ஆண்ட்ரியாஸில் ஒரே பட்டன் வரிசை உடல்நலத்தையும் கவசத்தையும் இரண்டரை லட்சம் டாலரையும் கொடுத்தது. அதே தொடரில் 2013இல் வந்த ஐந்தாவது ஆட்டத்தில் வேறு சங்கேதங்கள் இருந்தன. பணம் தருவது மட்டும் இல்லை. அதன் நெட் பகுதியில் ஆட்டப் பணம், 'ஷார்க் கார்டு' என்ற பெயரில் நிஜப் பணத்துக்கு விற்கப்பட்டது. 2018இன் அஸாஸின்ஸ் க்ரீட் ஒடிஸியில், தனியாக ஆடுகிறவன் சீக்கிரம் பலம் பெறுவதையே கடையில் வைத்தார்கள். முதலில் சலிப்பைச் செய்து, பிறகு அதற்கு மருந்து விற்பது. ஹஷிமோட்டோவுக்குத் தன் ஆட்டம் கஷ்டமாக இருந்தது, வழி வைத்தார். இவர்களுக்கும் அது கஷ்டமென்று தெரியும், விலை வைத்தார்கள்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டிருப்பேன். பழைய நாட்கள் பொன், இன்று வியாபாரம் என்று எழுதுவது சுலபம். முடிக்க விடாதவன் என் தங்கை மகன்.

பன்னிரண்டு வயது. இரண்டு வருஷம் முன்பு முழங்கை ஒடிந்து நரம்பில் அடிபட்டதில் வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. கட்டை விரல் பட்டனுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஆட்டத்தில் செத்துவிடுவான். ஒருநாள் என்னிடம் கேட்டான்.

"மாமா, உங்க காலத்துல ஏதோ கோடு போட்டா சாகவே மாட்டாங்களாமே, நெஜமா?"

நிஜம்தான் என்றேன். அவன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அமைப்புப் பக்கத்தில் 'உதவி' என்று ஒரு தலைப்பு இருந்தது. இது நல்ல காரியம் என்று எனக்குத் தெரியும். 2009இல் நிண்டெண்டோ, ஒரே கட்டத்தில் எட்டு முறை செத்தால் ஒரு பச்சைப் பெட்டி தோன்றி யந்திரமே ஆடிக்காட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2018இன் செலெஸ்ட்டில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலும் இருக்கலாம். அந்தப் பக்கத்தில் முதலில் எழுதியிருந்த வாசகம் சிலரைப் புண்படுத்துவதாக உணர்ந்து, செய்தவர்களே பின்னர் மாற்றி எழுதினார்கள். 2020இன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் கண் தெரியாதவர்களும் ஆடும்படி செய்யப்பட்டது. சங்கேதத்தைவிட இதுவே நியாயமானது. சங்கேதம், சொல்லித்தர ஒரு அண்ணனோ பத்திரிகையோ உள்ளவனுக்குத்தான் கிடைத்தது. இது எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் அவனுக்கு விளக்கினேன். திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தும் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"ஒதவி வேணாம் மாமா. கோடுதான் வேணும்."

அவன் பிடிவாதம் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு புரிந்தது. உதவி என்ற கதவில் நுழைய, இன்னது என்னால் ஆகாது என்று நின்று சொல்ல வேண்டும். பிஸியோதெரபிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தினம் அவன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கோடு ஏன் என்று கேட்காது. நல்ல கைக்காரனும் போடுவான், இவனும் போடுவான். சாமர்த்தியக்காரன் என்றுதான் பெயர் வரும், நோயாளி என்று வராது. திருடும் சந்தோஷத்தைத் தானமாகக் கொடுக்க முடியாது. இரக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. கடினத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோது, முடியாதவனின் கூச்சம் என்ற ஒன்றை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

கோனாமி 2019இல் பழைய கோன்ட்ரா ஆட்டங்களைத் திரட்டி இன்றைய யந்திரங்களுக்கு வெளியிட்டிருந்தது. அதை வாங்கினேன். வரிசையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, இப்படித்தான் எனக்கும் வந்தது, யாரிடமும் சொல்லாதே என்றேன்.

தலைப்புத் திரை வந்தது. நாலைந்து தடவை பலிக்கவில்லை. பி-க்கும் ஏ-க்கும் அவன் விரல் வந்து சேருமுன் நேரம் போய்விட்டது. நான் கையை நீட்டவில்லை. அடுத்த தடவை அவன் என் பக்கம் முதுகு வரும்படி சற்றுத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். விரல்களை நான் பார்க்கக் கூடாது என்றுதான். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பது உயிர்கள் வந்தன. மூன்றாவது கட்டத்து அருவியில் முப்பதும் தீர்ந்தன. "சே" என்று சிரித்துக்கொண்டே, காகிதத்தைப் பார்க்காமல், மறுபடி ஆரம்பித்தான்.