பாண்டியர் எங்கே போனார்கள்?

நாற்பது வயதைத் தாண்டிய பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் சரித்திரத்தில் எம்.ஏ. பரீட்சைக்குப் படிக்கிறார் என்றால், எங்கள் தென்காசியில் இரண்டு கேள்விகள் உடனே பிறக்கும். "சம்பளம் கூடுமா?" என்பது ஒன்று. "ராஜாக்கள் செத்துப்போன வருஷங்களை இன்னுமா மனப்பாடம் செய்ய வேண்டும்?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியைச் சர்க்காருக்கு விட்டுவிடுகிறேன். இரண்டாவதற்கு விடை சொல்ல நான் கடமைப்பட்டவன்.

பி.ஏ. வரையில் சரித்திரம் என்பது பிறர் சொன்னதைக் கேட்டுக்கொள்வது. எம்.ஏ.யில்தான், "இது உமக்கு எப்படித் தெரியும்?" என்று சொன்னவரையே திருப்பிக் கேட்கும் அதிகாரம் வருகிறது.

வகுப்பில் பாண்டியர் பாடம் 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்போடு முடிந்துவிடுவது வழக்கம். ஒரு நாள் மாணவி ஒருத்தி, "அப்படியானால் நம் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியர் யார், ஸார்?" என்றாள். நியாயமான கேள்வி!

மதுரையை இழந்த பாண்டியர் மறைந்துபோகவில்லை. தெற்கே மலையடிவாரத்துக்கு வந்தார்கள். 1422-இல் பட்டமெய்திய அரிகேசரி பராக்கிரம பாண்டியர், 1446-இல் காசி விசுவநாதர் ஆலயத் திருப்பணியைத் தொடங்கினார். நூறு ஆண்டுகளுக்குப் பின், அதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியர் தமிழில் நைடதம் பாடினார். கல்லிடைக்குறிச்சியில் பிறந்த நீலகண்ட சாஸ்திரியார், 1929-இல் வெளியிட்ட பாண்டிய சரித்திர நூலைப் பதினாறாம் நூற்றாண்டு வரையில் கொண்டு சென்றார். மதுரையிலிருந்து பார்த்தால் முடிந்துபோன கதை, தென்காசியிலிருந்து பார்த்தால் இன்னும் பல தலைமுறை நடக்கிறது!

என் தாயாருக்கு மட்டும் ஒரு கவலை. ஈசன் அரசர் கனவில் தோன்றி, எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து போகச் சொன்னார் என்பது ஸ்தல வரலாறு. "உன் படிப்பு அந்த எறும்புகளை மிதித்துவிடாதே, அப்பா?" என்று கேட்டார். மிதிக்காது. ஜனங்கள் எதை நம்பினார்கள் என்பதற்குக் கதை சாட்சி. அரசர் எதை விரும்பினார் என்பதற்குக் கல் சாட்சி. இரண்டையும் தனித்தனியே விசாரிப்பதுதான் சரித்திரக்காரன் வேலை.

அந்தக் கல் என்ன சொல்கிறது? இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்தால், அதைத் திருத்திக் காப்பவர்களை இப்போதே வணங்குகிறேன் என்கிறார் மன்னர். முடி தரித்தவர், முகம் அறியாத நம்மைக் கும்பிடுகிறார்! 1924-இல் ராஜகோபுரம் தீக்கிரையாயிற்று. ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து, 1990-இல் கும்பாபிஷேகம் கண்டது.

கோபுரத்தை மீட்டவர்கள் பிறர். எழுத்தைக் காப்பது நம் பங்கு. பல ஆலயங்களில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுகிறார்கள். மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று எழுத்தையே தேய்த்துவிடுகிறார்கள். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள், அருவியில் நீராடித் தலை துவட்டியதும் அரை மணி நேரம் தென்காசிக்கு ஒதுக்கட்டும். குழந்தைகளை அந்தக் கற்களுக்கு முன் நிறுத்தி, ஓர் எழுத்தையாவது கூட்டிப் படிக்கச் சொல்லட்டும். அதற்கு எம்.ஏ. பட்டம் வேண்டியதில்லை.