ஷேவ்ளா வந்த வழி

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் வருஷம் முழுக்கச் சேனைக்கிழங்கும் வாழைப்பூவும் கிடைக்கும். ஜூன் பிறக்கும்போது மட்டும், நடைபாதையில் சாக்கு விரித்து உட்காரும் ஆதிவாசிப் பெண்களிடம் இன்னொன்று வரும். சாண் நீள மொட்டு, விரல் பருமன், மேல்மடல் கருஞ்சிவப்பு. நாரில் கட்டிய சிறு சிறு கட்டுகள். பக்கத்திலேயே நெல்லிக்காய் அளவில் பச்சைக் காய்கள் ஒரு குவியல். மொட்டை மட்டும் கேட்டால், காயையும் எடுத்துக்கொள் என்று பையில் போட்டுவிடுவார்கள். மொட்டு ஷேவ்ளா, காய் காக்கட். அதற்குமேல் விளக்கம் கேட்க என் மராத்தி போதவில்லை.

இரண்டையும் ஜோடி சேர்த்தது யார் என்ற கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது.

தாராவியில் இருக்கும் திருநெல்வேலி ஆச்சி ஒருவரிடம் கட்டைக் காட்டினேன். மடலை உரித்துப் பார்த்தார். "எய்யா, இது காட்டுக்கருணைப் பூவுல்லா! புளிய ஊத்தாம தின்னா தொண்டை காறிப் போவும்."

ஆச்சி சொன்னது சரி. தாவரவியலில் இதன் பெயர் அமார்போபாலஸ் கம்யூட்டேட்டஸ். சேனைக்குக் காட்டுப் பங்காளி. ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதில் உண்டு. அவை குத்துவதால்தான் நாக்கும் தொண்டையும் அரிக்கின்றன. நம் வீடுகளில் கருணைக்குப் புளி. இங்கே காக்கட் காயின் புளிப்பு. உள்தண்டின் அடியில் மஞ்சளாகத் திரண்டிருக்கும் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும். மும்பையில் நெடுங்காலமாக வாழும் பாத்தாரே பிரபு வீடுகளில் இறால் சேர்த்துச் சமைப்பார்கள். சைவமான நான் கடலைப்பருப்போடு நிறுத்திக்கொண்டேன். சுமாரான சமையல்காரனுக்கே ருசி கூடிவந்தது.

சரி, எங்கிருந்து வருகிறது? விற்பவர்களில் பலர் பால்கர் பக்கத்து வார்லி ஆதிவாசிகள். 2013இல் புறநகர் ரயில் தஹாணு வரை நீண்டபின் காட்டிலிருந்து நகரத்துக்கு ஒரே வண்டி. அந்த வண்டியில் எதிர்த்திசையில் போய், விற்கும் பெண்மணி ஒருவரின் ஊருக்கே சென்றேன்.

மழை பிடிப்பதற்கு முன், இலை எதுவுமில்லாத வெறும் மண்ணிலிருந்து மொட்டு மட்டும் தலை நீட்டுகிறது. இலை பிறகுதான். மண்மட்டத்தில் அரிவாளால் ஒரு இழுப்பு, கிழங்கைத் தொடுவதில்லை. விரிந்துவிட்ட பூக்களை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். ஏன் என்றேன். "நாத்தம் பிடிச்சதை யார் வாங்குவா?" என்று சிரித்தார். அந்த நாற்றத்துக்கு வரும் பூச்சிகளால்தான் அது காய்த்து விதை போடுகிறது. வியாபாரக் கணக்கும் காட்டின் கணக்கும் இங்கே மோதிக்கொள்ளவில்லை.

சில கீரைகளுக்கு வழக்கமே காவல். முதல் மழைக்குத் துளிர்க்கும் கோளி பாஜியைச் சாமிக்குப் படைத்த பிறகே வார்லிகள் வாயில் வைப்பார்கள். அதுவரை இலை தழைத்துக்கொள்ளும். குளோரோபைட்டம் பேரினத்துக் கீரை அது. அதே பேரினத்துச் செடி ஒன்றுக்கு நம் போரிவிலியின் பெயரே இருக்கிறது: குளோரோபைட்டம் போரிவிலியானம். ஸ்பெயினிலிருந்து வந்த பாதிரியார் சாந்தாபாவும் பெர்னாண்டஸும் 1955இல் பெயரிட்டார்கள். மருந்துக்கடையில் அதுதான் சஃபேத் முஸ்லி. இலையைக் கிள்ளினால் செடி பிழைக்கும். வியாபாரிகளுக்கு வேண்டியதோ கிழங்கு. தோண்டித் தோண்டி எடுத்ததில், பல காடுகளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் தஹாணு வரை போயிருக்க வேண்டியதில்லை என்பது பிறகு தெரிந்தது. கோரேகாவ் ஆரே காலனிக்குள்ளேயே வார்லிக் குடியிருப்புகளான பாடாக்கள் இருக்கின்றன. புலித்தெய்வம் வாகோபாவைக் கும்பிட்டு, சிறுத்தைகளுக்கு நடுவே, மழைக்கீரை பறித்து வாழ்கிறார்கள். 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன. பின்னர் 812 ஏக்கரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். பட்டியலில் காடு ஏறிவிட்டது. அதைக் காத்தவர்களின் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி எழுதிக்கொடுப்பதும் அரசின் கடமைதான்.

ஷேவ்ளாவின் பருவம் சில வாரங்களே. வாங்குகிறவர்கள் காக்கட்டை விடாமல் வாங்குங்கள். சமைக்கும் பக்குவத்தை விற்பவரிடமே கேளுங்கள். பேரம் வேண்டாம்.