ஆறு வாரக் கணக்கு

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் நடுவண் அரசு, மாநில அரசு என்று அடுத்தடுத்து இரண்டு பாடங்கள். அவற்றில் அவசரச் சட்டத்துக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். சபை கூடியிராத வேளையில் அதைப் பிறப்பிக்கக் குடியரசுத் தலைவருக்குப் பிரிவு 123, ஆளுநருக்குப் பிரிவு 213. பிள்ளைகள் இரண்டு எண்ணையும் உருப்போட்டு, ஒரு மதிப்பெண் கேள்வி வந்தால் டிக் அடித்துவிட்டு, அன்றோடு மறந்துவிடுவார்கள். தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிற நான், ஆண்டுதோறும் திட்டமிட்டதைவிட அதிகப் பாடவேளைகளைச் செலவழிப்பது அந்தச் சின்ன இடத்தில்தான். சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். "போர்ஷனை முடிங்க சார், அப்புறம் பார்லிமென்ட் நடத்தலாம்" என்பார் கணக்கு ஆசிரியர்.

அதிகாரம் பற்றிப் பாடம் எடுக்கும்போது யாருக்கு என்ன அதிகாரம் என்ற பட்டியலில் தொடங்கினால் வகுப்பு கால் மணி நேரத்தில் கொட்டாவி விடும். தேதியில் தொடங்கினால் விழித்திருக்கும். அதனால் கரும்பலகையில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதுகிறேன். சபை எப்போது கூடியிருந்தது? கையெழுத்து எந்த நாளில் விழுந்தது? எந்த நாளில் இது காலாவதியாகும்? பிரிவு எண்ணெல்லாம் அப்புறம் தானாக வந்து சேரும்.

முதல் எடுத்துக்காட்டு எங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமானது. எங்கள் பக்கம் பொங்கல் முடிந்த கையோடு எருது விடும் விழா தொடங்கிவிடும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அந்தத் தடையை எதிர்த்து 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது. ஜனவரி 21 அன்று, பொறுப்பு ஆளுநர் வித்யாசாகர் ராவ் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அலங்காநல்லூரில் வாடிவாசலைத் திறந்துவைக்கப் போனபோது ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 'நிரந்தரச் சட்டம் வேண்டும்' என்றார்கள். அரசியலமைப்பைப் படிக்காதவர்கள்கூட அவசரச் சட்டம் தற்காலிகச் சரக்கு என்று அன்றைக்குத் தெரிந்து வைத்திருந்தார்கள். 23ஆம் தேதி சட்டமன்றம் கூடி மசோதாவை நிறைவேற்றியது. 31ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வந்தது. விலங்குகள் மீதான கொடுமையைத் தடுப்பது மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. அதனால் மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டத்துக்கு அந்த ஒப்புதல் தேவைப்பட்டது.

அந்தத் திருத்தச் சட்டத்தின் வரையறையை வகுப்பில் ஒருவர் உரக்க வாசிப்பார். ஜல்லிக்கட்டு என்பதில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவையும் அடங்கும் என்று அதில் இருக்கிறது. தங்கள் ஊர்த் திருவிழாவின் பெயர் ஒரு சட்டத்துக்குள் எழுத்தாகக் கிடப்பதைப் பார்க்கும்போது பையன்கள் பெஞ்சைத் தட்டுவார்கள். தட்டட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தச் சத்தம் அடங்கியதும் யாராவது ஒருவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்பார்: "ஏங்க சார், திங்கக்கிழமை சட்டசபை கூடுதுன்னா சனிக்கிழமை எதுக்குக் கையெழுத்து?" ஆண்டின் முதல் கூட்டத்தொடர் 23ஆம் தேதி தொடங்குவது முன்பே முடிவானதுதான். இரண்டு நாள் பொறுக்க முடியாத அவசரம் எது, அதை யார் தீர்மானிப்பது என்ற விவாதம் அங்கே தொடங்கும். நான் பதில் சொல்வதில்லை. மெரினாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தால் இரண்டு நாளும் நீண்ட காலம்தான் என்று ஒரு கட்சி வாதாடும். அதற்காகச் சபையைச் சுற்றிக்கொண்டு போகலாமா என்று மற்றது கேட்கும்.

அடுத்தது ஆன்லைன் சூதாட்டத் தடை. செல்போனில் ரம்மி விளம்பரம் பார்க்காத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. 2022 அக்டோபர் 1 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். அக்டோபர் 17 அன்று சட்டமன்றம் கூடியது. சபை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரம் முடிந்தால் அவசரச் சட்டம் காலாவதி. இங்கே ஒரு மாதக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் வைத்து, எண்ணச் சொல்வேன். நவம்பர் 27 என்று பாதி வகுப்பும் 28 என்று மீதியும் சொல்லும். கூடிய நாளைக் கணக்கில் சேர்ப்பதா, மறுநாளிலிருந்து தொடங்குவதா என்பதுதான் தகராறு. 17ஆம் தேதியைச் சேர்த்தால் நாற்பத்திரண்டாம் நாள் நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. அன்றோடுதான் அது காலாவதியானது. ஒரு நாளுக்காக இத்தனை சண்டையா என்று கேட்கும் பிள்ளைக்கு, நீதிமன்றத்தில் ஒரு நாளுக்காக வழக்கே தோற்றுப்போகும் என்று கணக்கு ஆசிரியரைவிடக் கறாராகச் சொல்வேன்.

இந்த வகுப்பில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான். அவசரச் சட்டத்துக்குப் பதிலாகச் சட்டமன்றம் அக்டோபர் 19 அன்றே மசோதாவை நிறைவேற்றி அனுப்பிவிட்டது. அது ஆளுநரிடம் இருந்தது. நவம்பர் 27 கடந்தது, மசோதா அங்கேயே இருந்தது. 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பப்பட்டது. மார்ச் 23 அன்று சபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரல் 10 அன்று, மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநர்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்ட அதே நாளில், ஒப்புதல் கிடைத்த செய்தி வந்தது. தேதிகளை வரிசையாக எழுதி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அதே ஆளு அவசரச் சட்டத்துல சட்டுனு கையெழுத்துப் போட்டாருல்ல சார், மசோதாவுக்கு மட்டும் ஏன் இத்தன மாசம்?"

அவசரச் சட்டத்துக்கு ஆறு வாரக் கெடு அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆளுநரின் மேசைக்குப் போகும் மசோதாவுக்கு நாள் கணக்கு எதுவும் இல்லை. திருப்பி அனுப்புவதாக இருந்தால் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும் என்கிற அளவோடு பிரிவு 200 நின்றுவிடுகிறது. அதிகாரச் சமநிலை என்று பாடநூல் சொல்வதை நான் இப்படித்தான் பிரித்துக் காட்டுகிறேன்: எங்கே கெடு இருக்கிறது, எங்கே இல்லை, கெடு இருந்தும் யார் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

தாண்டிப் போனதற்குப் பீகார்தான் உதாரணம். புனேயில் கோகலே நிறுவனத்தில் இருந்த பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா, பீகாரின் அவசரச் சட்டங்களைத் தேதிவாரியாகத் தேடி எடுத்தார். 1967 முதல் 1981 வரை 256. சபை கூடி ஆறு வாரம் முடியப்போகும் நேரத்தில் கூட்டத்தொடரை முடித்துவைத்துவிட்டு, அதே சட்டத்தை வரி மாறாமல் மறுபடி பிறப்பிப்பார்கள். கரும்பு விநியோகம், கொள்முதல் பற்றிய 1968ஆம் ஆண்டு அவசரச் சட்டம் ஒன்று இந்த வழியில் 13 வருஷம் 11 மாதம் 19 நாள் உயிரோடு இருந்தது. பாலக்கோடு ஆலைக்கும் கோபாலபுரம் ஆலைக்கும் கரும்பு வெட்டி அனுப்பும் வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. ஆறு வாரச் சட்டம் ஒரு பிள்ளை பிறந்து ஒன்பதாம் வகுப்புக்கு வரும்வரை ஓடியது என்றால் அவர்களுக்கு உடனே உறைக்கும். 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இது அரசியலமைப்பின் மீது செய்யப்பட்ட மோசடி என்றது. ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது 2017 ஜனவரி 2 அன்று. மெரினாவில் கூட்டம் கூடிய அதே மாதம்.

நெருக்கடி நிலையைச் சொல்லாமல் இந்தப் பாடம் முடியாது. அதற்கு நான் பேசுவதைவிடப் படம் போடுவது மேல். 1975 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரம். குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் கிடந்தபடியே ஓர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு நீட்டுகிறார். இன்னும் இருந்தால் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். எனக்கு ஓவியம் வராது. தொட்டி பக்கெட் மாதிரிதான் விழும். பிள்ளைகள் சிரித்து முடித்ததும் கேட்பேன்: அவர் என்ன செய்திருக்கலாம்? மறுத்திருக்கலாம், படித்துப் பார்த்திருக்கலாம், குளித்து முடித்துவிட்டு வந்திருக்கலாம் என்று பதில்கள் வரும். அப்போது அப்துல் கலாமைக் கொண்டுவருவேன். 2002 ஆகஸ்டில், பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, தேர்தல் வேட்பாளர்கள் தங்கள் விவரங்களை வெளியிடுவது பற்றிய அவசரச் சட்டத்தை விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மாற்றாமல் மறுபடி அனுப்பியதும் கையெழுத்திட்டார். ஒரு தடவை திருப்பி அனுப்பும் அந்த வழி 1978இல் 44ஆவது திருத்தத்தின் மூலம் வந்தது. கலாம் தோற்றுவிட்டாரா என்று ஒரு பையன் ஏமாற்றத்தோடு கேட்டான். திருப்பி அனுப்பிய செய்தியை நாடே படித்ததல்லவா என்றேன். அவன் முகத்தில் பாதிச் சமாதானம்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் அமெரிக்காவும் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே அரங்கத்தில் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து ஆணைகளில் கையெழுத்திட்டுத் தூக்கிக் காட்டிய வீடியோவை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஆறு வாரக் கணக்கு கிடையாது. அடுத்து வரும் அதிபர் ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் காங்கிரஸ் சட்டம் போட வேண்டும், அதுவும் இல்லையென்றால் நீதிமன்றம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952இல் எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும்படி ட்ரூமன் ஏப்ரல் 8 அன்று ஆணையிட்டார். ஜூன் 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இடையில் எத்தனை நாள் என்று எண்ணச் சொல்வேன். ஐம்பத்தைந்து. இதற்கு மேல் அமெரிக்காவில் நேரம் செலவிடுவதில்லை.

நீதிமன்றம் இருக்கிறதே என்று பிள்ளைகள் நிம்மதி அடையும் இடத்தில் எங்கள் மாவட்டத்தின் வாச்சாத்தியைச் சொல்லாமல் இருப்பது நேர்மை ஆகாது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுவதாக அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். நடந்த கொடுமைகளை வயதுக்குத் தக்க அளவே சொல்கிறேன். தேதிகளை மட்டும் முழுதாக எழுதுவேன். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. அரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு இது பாட்டி சொல்லித் தெரிந்திருக்கும். அவர்கள் பேச விரும்பினால் பேசுவார்கள், நான் கேட்பதில்லை.

ஆளுநர் விவகாரம் 2025இல் பாடநூலைத் தாண்டி ஓடிவிட்டது. ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது, ஆளுநருக்குக் காலவரம்பும் வகுத்தது. குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதி அமர்வு கருத்துச் சொன்னது: நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் முடியாது, ஆனால் காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருக்கவும் கூடாது. கெடு இருந்தது, எட்டு மாதத்துக்குள் போய்விட்டது. தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டவர்களிடம் பாடநூலில் இருப்பதை எழுதுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல?

இவை எல்லாவற்றையும்விடப் பிள்ளைகள் நேரில் பார்த்தது ஊராட்சியைத்தான். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்களின் காலம் அவசரச் சட்டமாகவும் சட்டத் திருத்தமாகவும் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்தில் வாக்குப்பதிவு நடந்தது 2019 டிசம்பரில். அப்படி வந்த தலைவர்களின் ஐந்தாண்டு 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும், துணைத் தலைவர் முறைத்துக்கொண்டால் தெருவிளக்கு பில்கூட நிற்கும் என்பது ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். இப்போது முறைக்க ஆளில்லை.

பிரிவு 243-இ ஊராட்சிக்கு ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை, காலம் முடிவதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. அதை எழுதிப்போட்ட அன்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது: "கெடுதான் எழுதியிருக்குதே சார், அப்புறம் ஏன் நடக்கல?" தொகுதி மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்குகள் என்று அரசுகள் சொல்லும் காரணங்களைச் சொன்னேன். பீகார்க் கணக்கை ஒரு பேராசிரியர் கெஜட் கெஜட்டாகத் தேடி எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதால்தான் அது நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "நம்மூர்ல யாரு போவாங்க?" என்றான். மணி அடித்துவிட்டது. அடுத்தது கணக்குப் பாடவேளை, ஆசிரியர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.