படகுக்குச் சொன்ன விலையும் பிறகு கேட்ட விலையும்

படகு வாங்கப் போறம் என்று சொன்னதும் எங்கட சொந்தக்காரர் முதலில் சிரித்தார்கள். "வீட்டுக்கு மோர்ட்கேஜ் கட்டவே மூச்சு வாங்குது, இதில படகு வேறயா" என்று சித்தி கேட்டா. அவ நினைத்தது மொனாக்கோவில் நிற்கிற வெள்ளைப் படகை. நாங்கள் ஓடர் குடுத்தது நரோபோட். ஏழு அடிக்கும் குறைவான அகலம், 57 அடி நீளம், இரும்புத் தகட்டில் செய்த ஒரு நீளப் பெட்டி. ஆல்பர்ட்டன், கிறீன்ஃபோர்ட், சவுத்தோல் பக்கம் இருக்கிற ஆட்களுக்குக் கட்டாயம் தெரியும், கிராண்ட் யூனியன் கால்வாயில் ஆள் நடக்கிற வேகத்தில் போகுமே, அதுதான்.

2020, 2021 இரண்டு கோடையும் பிள்ளைகளை யாழ்ப்பாணம் கூட்டிப் போக முடியவில்லை. அதனால் ஒரு கிழமை ஒக்ஸ்ஃபோர்ட் கால்வாயில் நரோபோட் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நாங்களும் அக்கா குடும்பமுமாக எட்டுப் பேர். லொக் கதவைத் தள்ளித் திறக்கிறதுக்குப் பிள்ளைகள் அடிபட்டார்கள். ஐபாட்டை ஒருவரும் தேடவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். இரண்டு குடும்பமும் விமானத்துக்கும் ஹொட்டேலுக்கும் செலவழிக்கிற காசைப் பல வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தால், பாதிப் பாதி போட்டு ஒரு படகு வாங்குவது விசர் வேலையாகத் தெரியவில்லை. அக்காவும் அத்தானும் தங்கட லொஃப்டை மாற்றிக் கட்ட வைத்திருந்த காசை இதில் போட்டார்கள். அதனால் இது வெறும் பொழுதுபோக்குக் காசு இல்லை.

2021 செப்டெம்பரில் மிட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிற ஒரு படகு கட்டுபவரிடம் கையெழுத்து வைத்தோம். பெயர் இங்கே வேண்டாம். விலை 118,000 பவுண். பத்து வீதம் முற்பணம். மிச்சம் கட்டம் கட்டமாக: இரும்பு வந்ததும் ஒரு பகுதி, வெளிக்கூடு முடிந்ததும் ஒரு பகுதி, உள்வேலையின்போது ஒரு பகுதி, கையில் தரும்போது கடைசிப் பகுதி.

2022 ஏப்ரலில், இரும்பு வாங்கவே முதல், கடிதம் வந்தது. "பொருட்களின் விலை உயர்வு காரணமாக" இன்னும் 14,500 பவுண் வேணும், 14 நாளுக்குள் பதில் சொல்லவும்.

உங்களில் நிறையப் பேர் படகு வாங்கப் போவதில்லை. ஆனால் லொஃப்ட், சமையலறை, பின்பக்க எக்ஸ்டென்ஷன் என்று யாராவது பில்டரிடம் இதே மாதிரிக் கடிதம் வாங்கியிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

விலை ஏறினது உண்மைதான்

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேணும். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. கோவிட் முடிந்து உலகம் முழுக்க வேலை தொடங்கினபோதே, 2021இல், இரும்பு விலை ஏறத் தொடங்கிவிட்டது. 2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் போனது. இரண்டு நாடும் பெரிய இரும்பு ஏற்றுமதியாளர்கள். மரியுபோலில் இருந்த அசோவ்ஸ்டால் இரும்பாலை போரில் அழிந்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த பேர்ச் ப்ளைவுட்டும் பெரும்பாலும் நின்றுபோனது. உருக்காலைக்கு மின்சாரமும் காஸும் வேணும், அந்த விலையும் பறந்தது. அந்த வருஷம் ஒக்டோபரில் பிரித்தானியாவின் பணவீக்கம் 11.1 வீதத்தைத் தொட்டது.

நரோபோட்டின் அடித்தட்டு வழமையாக 10 மில்லிமீற்றர், பக்கத் தகடு 6, கூரை 4. எங்கட ஒப்பந்தத்தோடு வந்த பட்டியலில் இரும்பு 12 தொன் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் இரும்பு விலை ஏறினால் படகு விலை ஏறும் என்பதில் சந்தேகம் இல்லை. கேள்வி, எவ்வளவு ஏறும் என்பது. இரண்டாவது கேள்வி, அதை யார் சுமக்கிறது என்பது.

ஒப்பந்தம் என்ன சொல்லுது, சட்டம் என்ன சொல்லுது

என்ர வேலை மென்பொருள் எழுதுவது. ஒப்பந்தத்தையும் நான் கோட் வாசிக்கிற மாதிரித்தான் வாசிப்பேன்: எந்த நிபந்தனை உண்மையானால் என்ன நடக்கும்? எங்கட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, பொருட்செலவு மாறினால் விலை மாறலாம் என்று. எந்தப் பொருள், எந்த நாளின் விலையோடு ஒப்பிடுவது, எவ்வளவு வரை, ஒன்றும் இல்லை. வாங்குபவர் விலகலாமா என்றும் இல்லை.

இங்கே 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உதவுகிறது. அதன் இரண்டாம் அட்டவணையில், நியாயமற்றவையாகக் கருதப்படக்கூடிய நிபந்தனைகளின் பட்டியல் ஒன்று இருக்கு. ஒப்பந்தம் செய்த பிறகு விலையைக் கூட்ட வியாபாரிக்கு இடம் குடுத்துவிட்டு, கடைசி விலை அளவுக்கு மிஞ்சினால் விலகும் உரிமையை வாங்குபவருக்குக் குடுக்காத நிபந்தனை அந்தப் பட்டியலில் வருகிறது. பட்டியலில் இருந்தால் தானாகவே செல்லாது என்று இல்லை, வழக்குக்குப் போனால் நீதிமன்றம் பார்த்துச் சொல்லும். விலை எந்தச் சுட்டெண்ணோடு எப்படி மாறும் என்று ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதியிருந்தால் அது வேறு கதை. அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, ஒரு நிபந்தனைக்கு இரண்டு விதமாக அர்த்தம் எடுக்கலாம் என்றால் நுகர்வோருக்குச் சாதகமானதையே எடுக்க வேணும் என்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கு ஃபோன் பண்ணினால் இதையெல்லாம் இலவசமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதைக் கேட்டதும் அத்தான் துள்ளினார். "பிறகென்ன? ஒரு சதமும் கூடக் குடுக்கேலாது எண்டு லோயரைக் கொண்டு கடிதம் போடுவம்." என் கணவர் அதற்கு மாறு. "கட்டிப்போட்டு விடுவம், இல்லாட்டி படகே வராது." அக்கா, "டிப்பொசிட் கிரெடிட் கார்டில கட்டினதுதானே, ஏதும் நடந்தா பாங்க் திருப்பித் தரும்" என்றா.

அக்கா சொன்னதைப் பலரும் நம்புகிறார்கள், அதனால் சொல்கிறேன். கிரெடிட் கார்டில் கட்டினால் கார்ட் கொம்பனியும் பொறுப்பு என்பது 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. அது பொருளின் விலை 100 பவுணுக்கு மேலும் 30,000 பவுணுக்கு மேற்படாமலும் இருந்தால்தான். கட்டின முற்பணம் எவ்வளவு என்பது அங்கே கணக்கில்லை, முழுப் பொருளின் விலைதான் கணக்கு. 118,000 பவுண் படகுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டு நாள் வாட்ஸப் குரூப்பில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. வழமையாகக் காலமையிலேயே வாழ்த்துப் படம் போடுகிற அத்தானும் போடவில்லை.

அப்பாவின் கேள்வி

அப்பா டூட்டிங்கில் இருபது வருஷத்துக்கு மேல் பலசரக்குக் கடை நடத்தினவர். அரிசி மூட்டை, தேங்காயெண்ணெய் டின், எல்லாவற்றின் விலையும் ஏறி இறங்கினதைக் கையால் தொட்டுப் பார்த்தவர். கடிதத்தை அவரிடம் காட்டினோம். முழுக்க வாசித்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, விலையைக் கூட்டினா ஏன் எண்டு கேக்க வேணும். கூட்டாட்டி எப்படி எண்டு கேக்க வேணும். நீங்கள் சட்டத்தைக் காட்டி அவனை அந்த விலைக்கே கட்டு எண்டா, அவன் காசுக்கு எங்க போவான்?"

எனக்கு அது உடனே விளங்கிச்சு, ஏனென்றால் ஸ்கொட்லாந்துக் கதை அப்போது செய்தியில் ஓடிக்கொண்டிருந்தது. 2015இல் அங்கே அரசுக்குச் சொந்தமான சீமால் என்ற நிறுவனம் இரண்டு கார் ஃபெரிகளை ஃபெர்கியூசன் மரைனிடம் ஓடர் குடுத்தது. நிலையான விலை, 97 மில்லியன் பவுண். முழுப் பணத்துக்கும் திருப்பித் தரும் உத்தரவாதத்தைக் கட்டுபவரால் குடுக்க முடியவில்லை, ஆனாலும் வேலை தொடங்கியது. 2017 நவம்பரில் ஜன்னல்களைப் பெயின்டால் கீறி வைத்துக் கிளென் சான்னொக்ஸை நீரில் இறக்கினார்கள். 2019 ஓகஸ்டில் நிறுவனம் நிர்வாகிகள் கைக்குப் போய், பிறகு அரசே எடுத்தது. அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றினது 2025 ஜனவரியில்தான். செலவு நாலு மடங்கைத் தாண்டியது. "நிலையான விலை" என்ற சொல் ஒப்பந்தத்தில் கடைசி வரைக்கும் இருந்தது. கட்டுபவர்தான் இல்லாமல் போனார்.

அரசாங்கம் என்றபடியால் இழுத்து முடித்தார்கள். எங்கட நிலைமை அப்படி இல்லை. படகு கட்டுபவர் முறிந்தால், முற்பணம் குடுத்தவர் பொதுவாகப் பாதுகாப்பில்லாத கடன்காரர்தான். பாங்க், வேலையாட்கள், வரி எல்லாம் போய், மிச்சம் ஏதும் இருந்தால் வரிசையின் கடைசியில் எங்களுக்கு. இங்கே வளர்ந்த எங்களில் எத்தனை பேர் வீட்டில் சீட்டுக் கதை கேட்டிருப்போம்? எடுத்தவர் ஒரு நாள் ஃபோனை நிற்பாட்டிவிட்டுப் போன கதை. கட்டம் கட்டமாகக் காசு குடுப்பதும் அதே மாதிரி நம்பிக்கைதான், பேப்பர் மட்டும் வடிவாக இருக்கும்.

அன்றிரவு கொம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் கட்டுபவரின் கணக்கைப் பார்த்தேன். அது எல்லாருக்கும் இலவசம். கையில் இருந்த காசு அதிகமில்லை. இரண்டு படகில் நட்டம் வந்தால் தாங்காது என்று தெரிந்தது.

நாங்கள் கேட்டது

அடுத்த சனிக்கிழமை நானும் அத்தானும் நேரில் போனோம். லோயர் கடிதம் இல்லாமல், சட்டம் என்ன சொல்லுது என்பதை மரியாதையாகச் சொன்னோம். பிறகு நாலு விஷயம் கேட்டோம்.

முதலாவது, ஏறினதுக்கு ஆதாரம். இரும்பு விநியோகஸ்தரின் பழைய விலைத்தாளும் புதிய விலைத்தாளும். தொன்னுக்கு 420 பவுண் கூடியிருந்தது. 12 தொன்னுக்கு 5,040. ப்ளைவுட், இன்சுலேஷன் போன்றவைக்கு 2,160. மொத்தம் 7,200. கடிதம் கேட்டது 14,500. மிச்சத்துக்குத் தாள் இல்லை. ஆள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன வரும் எண்டு பயத்தில சேர்த்தது" என்ற அர்த்தத்தில் ஒன்று சொன்னார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது.

இரண்டாவது, 7,200க்குச் சம்மதம், ஆனால் அத்தோடு விலை பூட்டப்பட வேணும். இனிமேல் ஏறினால் எழுத்தில் ஆதாரம், அல்லது எங்களுக்கு முழுக் காசோடு விலகும் உரிமை.

மூன்றாவது, உரிமை. ஒவ்வொரு கட்டக் காசும் கட்டினவுடன், அதுவரை கட்டின கூடும் அதற்கென்று வாங்கின எஞ்சினும் எங்களுக்குச் சொந்தம் என்று எழுத வேணும், படகின் அடையாள எண்ணோடு. பிரிட்டிஷ் மரைன் என்ற வர்த்தகச் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தங்கள் இருக்கு, இந்த மாதிரி விஷயத்துக்கு அவற்றைப் பார்க்கலாம். காசு குடுக்க முதல் ஒவ்வொரு முறையும் நேரில் போய்ப் படம் எடுத்தோம்.

நாலாவது, கட்டும் காலத்தில் காப்புறுதி இருக்கிறதா என்று பத்திரத்தைக் காட்டச் சொன்னோம்.

பிறகு எங்கட பக்கம் வெட்டினோம். சோலார் பானலையும் முன்பக்க த்ரஸ்டரையும் பட்டியலில் இருந்து எடுத்தோம். 3,100 பவுண் குறைந்தது. கடைசிக் கணக்கில் கூடினது 4,100. ஒரு குடும்பத்துக்கு 2,050. அக்காவின் லொஃப்ட் ஒரு வருஷம் பிந்தியது, ஆனால் நடந்தது. படகு சொன்ன நாளுக்கு ஏழு மாதம் பிந்தி, 2023 ஜூலையில் வந்தது.

அத்தானுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. "சட்டப்படி அதையும் குடுத்திருக்கத் தேவையில்லை" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனால் நாங்கள் 4,100 பவுணுக்கு வாங்கினது இரும்பு மட்டும் இல்லை. கட்டி முடிக்கக்கூடிய நிலையில் ஒரு கட்டுபவரையும், முடிக்காவிட்டால் கையில் மிஞ்சக்கூடிய ஒரு கூட்டையும் வாங்கினோம் என்று நான் நினைக்கிறேன்.

ஓடர் குடுக்க முதல்

இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் கட்டி முடிந்த படகை வாங்கலாம். அப்பா வல்வெட்டித்துறை ஆள், அதனால் அன்னபூரணி கதையைச் சொல்லாமல் விடமாட்டார். ரொபின்சன் என்ற அமெரிக்கர் எங்கட ஊரில் கட்டின அந்தப் பாய்க்கப்பலை வாங்கினார். எங்கட மாலுமிகளே அதை ஓட்டிப் போய் 1938 ஓகஸ்ட் 1இல் குளோஸ்டர் துறைமுகத்தில் விட்டார்கள். "அந்த வெள்ளைக்காரன் நிண்ட கப்பலைப் பாத்து வாங்கினவன், உங்களை மாதிரிப் பேப்பரைப் பாத்து இல்லை" என்பார். பழைய படகென்றால் தண்ணியை விட்டு வெளியே தூக்கி, சர்வேயரைக் கொண்டு தகட்டின் தடிப்பை அளக்க வேணும்.

வாங்கின பிறகும் விலை நிற்காது. கால்வாய்களைப் பார்க்கிற கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட், அரசு மானியம் 2027இலிருந்து சுருங்கப் போகுது என்பதால், லைசன்ஸ் கட்டணத்தைப் பணவீக்கத்துக்கு மேல் கூட்டப்போவதாக 2023இல் அறிவித்தது. நிரந்தர மூரிங் இல்லாமல் சுற்றித் திரிகிற படகுகளுக்கு 2024 ஏப்ரலில் இருந்து மேலதிகக் கட்டணமும் இருக்கு. வருஷச் செலவைப் போடும்போது இதையும் போடுங்கோ.

லொஃப்டோ படகோ, கையெழுத்து வைக்க முதல் மூன்று கேள்வியைக் கேளுங்கோ. விலை எப்போது, எந்தக் கணக்கில் ஏறும்? அளவுக்கு மிஞ்சி ஏறினால் நாங்கள் எப்படி விலகலாம்? நீங்கள் நாளைக்குக் கடையைப் பூட்டினால் இதுவரை கட்டினது யாருக்கு? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். நல்ல பில்டருக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்கும்.